கொள்ளி வைத்தவரின் வீடு

தங்கையின் கருமாதி முடிந்து, பந்தல்காரர்கள் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கொள்ளி வைத்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளுடைய கணவரோடு கூடப் பிறந்த ஒரே தம்பி. கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலமும் வீடும் போன பிறகு வாடகை வீட்டில் இருக்கிறார்.

"மச்சான், எங்க கையெழுத்து எதுக்காவது வேணும்னா இப்பவே வாங்கிக்குங்க. சும்மா சும்மா பஸ்ஸு ஏறி வர முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கையெழுத்தை அவரிடம் எப்படிக் கேட்பது என்று அன்று காலையிலிருந்து, பிண்டம் வைக்கும்போதுகூட, யோசித்துக்கொண்டிருந்தவன் நான்.

தங்கைக்குக் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. பொட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு மெருகு பூசிச் சம்பாதித்து, பட்டறைக்குப் பின்னால் மனை வாங்கி இந்த வீட்டைக் கட்டினாள். புருஷன் வீட்டார் ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. கணவனைப் பிரிந்து வந்த என் மகளை அவள்தான் தன்னோடு வைத்துக்கொண்டாள். மகளுக்கு இப்போது இருக்கும் ஒரே கூரை இதுதான். என் வாடகை வீட்டில் நானும் மனைவியும் புரண்டு படுக்கவே இடம் போதாது.

உயில் எழுதி வை என்று நான் சொல்லும்போதெல்லாம் தங்கை சிரிப்பாள். "என்னண்ணே, என்னைச் சீக்கிரம் அனுப்பப் பாக்குறியா? வூடு உம் பொண்ணுக்குத்தான்னு இந்தத் தெருவுக்கே தெரியும்." தெருவுக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் தெருவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. அதே ஆபீசில் வாரிசு விசாரணை எழுதியே ஓய்வு பெற்றவன் நான். பிள்ளையில்லாத விதவை உயில் எழுதாமல் செத்தால், அவள் சொந்தச் சம்பாத்தியம் புருஷனின் வாரிசுகளுக்குப் போகும். கூடப் பிறந்தவன் வரிசையில் கடைசி. அழுதுகொண்டு எதிரே நின்ற எத்தனையோ அண்ணன் தம்பிகளிடம், "உங்களுக்கு இதுல பாத்தியதை இல்லீங்க, அடுத்த ஆளு வாங்க" என்று தலை நிமிராமல் சொல்லியிருக்கிறேன். சட்டம் அப்போது எனக்கு மிகத் தெளிவாக இருந்தது.

சாவுச் செய்தியை இவருக்குப் போனில் சொன்னவனும் நான்தான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கொள்ளி புகுந்த வீட்டார்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிறந்த வீட்டுக்குக் கோடிச் சேலை போடும் உரிமை மட்டும் உண்டு. நாங்கள் சேலை போட்டோம். வழக்கமும் சட்டமும் இவ்வளவு ஒற்றுமையாக நடந்து நான் பார்த்ததில்லை.

வீடு அவருக்குத்தான் போகும் என்று முந்தின நாள் மகளிடம் சொன்னேன். "அத்தைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் வந்து எட்டிப் பாக்காதவங்களுக்கா?" என்றாள். "வூடு வேணாம்னு அவருகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டா போதும். நீ வாயத் தொறக்காத" என்றேன்.

இப்போது அவரே கையை நீட்டுகிறார்.

"ஒரே ஒரு கையெழுத்துதான் மாப்ள" என்றேன். என் குரல் எனக்கே இனித்தது. "இன்னைக்கு ராத்திரி தங்கிட்டு நாளைக்குப் பத்திர ஆபீசுக்கு வந்தீங்கன்னா..."

"போட்டுடலாம் மச்சான். படிக்கவா போறேன்."

டீ கொண்டுவந்த மகள் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"படிச்சிட்டுப் போடுங்க மாமா. இந்த வூடு சட்டப்படி உங்களுது. எங்களுக்கு விட்டுக் கொடுக்கறதா அதுல எழுதியிருக்கும்."

நான் மகளைப் பார்த்தேன்.

"என்னாப்பா? என்கிட்டயும் என் புருஷன் வூட்ல இப்படித்தான் படிக்க வுடாம வாங்குனாங்க. ஒரே ஒரு கையெழுத்துதான்னாங்க."

அவர் டீயைக் குடிக்கவில்லை. "எனக்கா?" என்று என்னிடம் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டினேன். சங்கடப்படுவார், "அண்ணி ஆசப்பட்ட மாதிரியே ஆவட்டும்" என்பார் என்று நினைத்தேன். அப்படித்தான் என் மகளும் நினைத்திருப்பாள்.

அவர் எழுந்து உள்ளே போனார்; நாங்களும் பின்னால் போனோம். அண்ணாந்து மேல்தளத்தைப் பார்த்தார். தங்கை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்த, பட்டறையில் கழித்துப்போட்ட பொம்மைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

"ரூம்பு ரெண்டாம்மா?"

"ரெண்டு மாமா. பின்னாடி குழா ஒழுகுது, பாத்துக்குங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் பேராசை எதுவும் இல்லை. வெகுநாளாக வாடகை கொடுத்துக் களைத்த முகம். அதுதான் என்னை இன்னும் அதிர வைத்தது. "தப்பா நெனைக்காதீங்க மச்சான். இதுக்கு என்னென்னா பேப்பரு வேணும்?"

கேட்டால் சொல்லியே பழகிய வாய். அண்ணியோட இறப்புச் சான்று, அண்ணனோட இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று அதுபாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தது.

மகள் பக்கத்து அறைக்குப் போய் ஒரு பேனா எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"எழுதிக்குங்க மாமா. அப்பா ஒரு தடவதான் சொல்லுவாரு."