கரண்டிக் கணக்கு

அன்று பகல் சாப்பாட்டு ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரின்சிபல். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார்.

குண்டு வார்டன். சிகாமட் பக்கத்து ஆள். என்னோடு தமிழ்தான் பேசுவார். ரோத்தான் பிரம்பு அவர் கையில் இருக்கும்.

நெட்டை வார்டன். அதிகம் பேசமாட்டார். கைதான் முதலில் வரும்.

காய்கறி லோரிக்காரர். கோத்தா திங்கியிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். அன்று கோபிஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் பத்தொன்பது பேர். அதில் டாக்டர் மகன் ஒருவன்.

நான். சமையல்காரி.

இருபதாவது பிள்ளை ஹாலில் இல்லை. பின்பக்கம் ஸ்டோரை ஒட்டி ஒரு அறை உண்டு. ஜன்னல் கிடையாது. அதில் பூட்டி வைத்திருந்தார்கள். பெண்பிள்ளை.

அந்த ஸ்கூல் பழைய தோட்டத்து பங்களாவில் நடந்தது. சுற்றிலும் செம்பனை. தார் ரோட்டுக்குப் போக மண் பாதையில் முக்கால் மணி நேரம். ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், என்னுடையதையும் சேர்த்து. பிள்ளைகள் எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தன் அப்பா காரை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக் காவலுக்கு நின்ற ஜாகாவின் காலில் ஏற்றியவன். ஒருத்தி வீட்டுக்கே தீ வைத்தவள். டாக்டர் மகன் பெற்ற தாயைப் படியில் தள்ளியவன். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடிக்கலாம் என்று அந்தத் தாளிலேயே இருந்ததாம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. லோரிக்காரர் சொன்னார்.

நான் ஆறாவதோடு நின்றவள். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினேன். வீட்டுக்காரர் குலை வெட்டுவார், நான் எண்ணுவேன். ஐந்து குலைக்கு ஒரு விரல் மடக்குவேன். அவர் செத்த பிறகு தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். இங்கே சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். எனக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

கரண்டி எண்ணுவதும் என் வேலை. நான் வருவதற்கு முன்னால் ஒரு பையன் கரண்டிக் காம்பைச் சிமெண்டில் தேய்த்து வார்டன் ஒருத்தர் தொடையில் குத்திவிட்டான். அதிலிருந்து சட்டம். டின்னில் இருபது கரண்டி. சாப்பாடு முடிந்ததும் நான் எண்ண வேண்டும், குண்டு வார்டன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இருபது இருந்தால்தான் கதவு திறக்கும். குறைந்தால் அடி. வழக்கமாக மூன்று அடி. அதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்.

பூட்டிய அறைக்குக் கரண்டி கிடையாது. கையால்தான் சாப்பிட வேண்டும்.

அந்தப் பெண் இரண்டு நாள் முன்பு ஓடப் பார்த்தாள். செம்பனைக்குள் வழி தெரியாமல் சுற்றி, காலையில் தண்ணீர் ஓடும் பெரிய காணுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். அறைக்குள் தள்ளும்போது நிலையைப் பிடித்துக்கொண்டாள். நெட்டை வார்டன் கதவைச் சாத்தினார். விரல் நான்கும் உள்ளே மாட்டியது. அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டது.

முதல் நாள் தட்டு அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் நாள் நானே கொண்டு போனேன். வலது கை வீங்கி, கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. இடது கையைத் தோளோடு முறுக்கியிருந்தார்கள், வாய் வரை தூக்கவே முடியவில்லை. குனிந்து தட்டில் வாய் வைத்து நக்கினாள். பதினைந்து வயது.

மூன்றாம் நாள் பகல், தட்டில் சோற்றுக்கு அடியில் ஒரு கரண்டி வைத்தேன். அது இருந்தால் எப்படியாவது அள்ளிக்கொள்வாள் என்று நினைத்தேன். எண்ணுவதற்கு முன்னால் போய் எடுத்து வந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

அந்த வாரம் பரிமாறும் முறை டாக்டர் மகனுக்கு. பக்கத்தில் நின்றான். பார்த்துவிட்டான்.

“அலமாக் ஆண்ட்டி! ரூல் உடைக்கிறீங்களா?”

“உன் வேலையைப் பாருடா.”

“எனக்கும் ரெண்டு துண்டு கோழி சேர்த்து வைங்க. நான் குருடன் ஆயிடுறேன்.”

இரண்டு துண்டு வைத்தேன். அவனை எனக்குப் பிடிக்காது. பதினைந்து நாளைக்கு முன்பு பருப்பில் உப்பு இல்லை என்று தட்டை என் முகத்தில் எறிந்தவன் அவன். என் புருவத்தில் தையல் போட்ட வடு இன்னும் இருந்தது.

சாப்பாடு முடிவதற்கு முன்னால் லோரி வந்துவிட்டது. மூட்டையைக் கணக்குப் பார்த்து வாங்கினேன். தட்டை எடுக்கப் போக முடியவில்லை. குண்டு வார்டன் டின்னைத் தட்டினார்.

“அக்கா, எண்ணுங்க.”

எண்ணினேன். பத்தொன்பது.

“இன்னொரு தடவை எண்ணுங்க.”

பத்தொன்பது.

பிரின்சிபல் எழுந்து வந்தார். பத்தொன்பது பேரும் கரண்டியைத் திருப்பிக் கொடுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். டின்னில் மிச்சம் இருந்த ஒன்றுதான் காணோம். டின் பக்கத்தில் நின்றவன் டாக்டர் மகன். என்னை யாரும் கேட்கவில்லை.

பையனை நடுவில் கொண்டு வந்தார்கள். மேசை விளிம்பைப் பிடிக்கச் சொன்னார்கள். பாக்கெட்டைப் பார்த்தார்கள், சப்பாத்தைக் கழற்றினார்கள். ஒன்றும் இல்லை.

“எங்கடா கரண்டி?” என்றார் குண்டு வார்டன்.

“தின்னுட்டேன்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் அடி விழுந்தது.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்ணைக் கைபிடித்து வெளியே இழுப்பார்கள், அதே கையை. என்னையும் அன்றைக்கே வெளியேற்றுவார்கள். மூன்று அடிதானே, வாங்கட்டும் என்று நின்றேன். என் புருவமும் நினைவுக்கு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு. மூன்று.

மூன்றாவது அடியோடு நின்றிருக்கும். பையன் திரும்பி, “கொசு கடிச்ச மாதிரி இருக்கு அங்கிள்” என்றான்.

பிரின்சிபல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குண்டு வார்டன் சட்டைக் கையை மடித்துவிட்டார். சொல்லும் வரைக்கும் அடி என்று எங்களுக்குப் புரிந்தது.

நான்கு. ஐந்து. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த என் கையில் ஒரு விரல் தானாக மடங்கியது.

ஆறாவதில் சட்டை கிழிந்தது. ஏழாவதில் பையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாயைத் திறக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். தாடையில் ரத்தம் வழிந்தது.

லோரிக்காரர், “போதும் லா, பிள்ளை செத்துடும்” என்றார். நெட்டை வார்டன் அவரைச் சுவரில் வைத்து அழுத்தினார்.

பத்தில் இரண்டாவது விரல் மடங்கியது. பன்னிரண்டில் பையன் மூத்திரம் போய்விட்டான். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் விழுந்தது. அவன் முழங்கால் மடங்கி, மேசையில் தாடை இடித்தது.

அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

“கரண்டி அந்தப் பெண்கிட்ட இருக்கு. நான்தான் குடுத்தேன்.”

பிரின்சிபல் நெட்டை வார்டனைப் பார்த்தார். நெட்டை சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

குண்டு வார்டனுக்கு முகம் கறுத்துவிட்டது. “தெரிஞ்சும் எங்களையே ஆட்டி வச்சியாடா?” என்று பையன்மேல் மறுபடி ரோத்தானை ஓங்கினார். சோற்று அகப்பை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. இரும்பு அகப்பை. அவர் மணிக்கட்டில் போட்டேன். காய்ந்த மட்டை ஒடிகிற மாதிரிச் சத்தம் வந்தது. அந்த அடி விழவில்லை.

அதே நேரத்தில் பின்பக்கம் நெட்டை அலறினார். அந்தப் பெண் சோற்றைக் கரண்டியால் கொஞ்சம் தின்றுவிட்டு, மீதி நேரமெல்லாம் காம்பைத் தரையில் தேய்த்திருக்கிறாள், முறுக்கின கையாலேயே. அவர் குனிந்ததும் கன்னத்தில் ஏற்றிவிட்டாள். பல் வரைக்கும் போயிருந்தது. அவர் பூட்ஸ் காலால் அவளை வயிற்றில் உதைத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் ஓடி வந்தார்.

ரத்தத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். பெஞ்சைத் தூக்கினார்கள். வந்த நாளிலிருந்து வாய் திறக்காத ஒரு பையன் தட்டின் விளிம்பால் குண்டு வார்டன் தலையில் அடித்துக்கொண்டே இருந்தான். பிரின்சிபல் மேசைக்கு அடியில் போனார். அவரைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். சாம்பார் அண்டா கவிழ்ந்து ஒருத்தி காலில் கொட்டியது. யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் கேஸை மூடினேன்.

பையனை நானும் லோரிக்காரரும் தூக்கினோம். அந்தப் பெண் தானே நடந்து வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. லோரியின் பின்னால் மிச்சம் இருந்த கோபிஸ் மூட்டைமேல் இரண்டு பேரையும் படுக்க வைத்தோம். ஸ்கூல் ஜாகா எங்களைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார். என் ஃபோனையும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

மண் பாதையில் லோரி குலுங்கும்போதெல்லாம் பையன் முனகினான். குப்புறப் படுத்திருந்தான். முதுகைப் பார்க்க முடியவில்லை. என் துண்டைப் போட்டேன். துண்டு ஒட்டிக்கொண்டது.

“ஏன்டா சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க ஏன் சொல்லல?”

ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலை இடிக்காமல் பிடித்துக்கொண்டேன்.

அவர்களை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் பிரின்சிபல் வந்தார். ஒரு கண் மூடியிருந்தது. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை என்னிடம் தமிழில் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினார், உடைந்த தமிழில்.

“போலீஸ் கேட்கும். மூணு அடின்னு சொல்லுங்க. பேரண்ட்ஸ் கையெழுத்து மூணுக்குத்தான் இருக்கு. வார்டன் ரெண்டு பேரும் மூணுன்னு சொல்லியாச்சு. மீதி காயம் எல்லாம் பிள்ளைங்க கலாட்டாவுல வந்தது.”

கையில் இருந்த ஃபோனை மடியில் வைத்தேன்.

“உங்க ரூம் உங்களுக்குத்தான். வார்டன் கையை உடைச்சதையும் நான் பெருசு பண்ணல.” எழுந்துகொண்டே மறுபடி சொன்னார். “மூணுக்கு மேல எவ்ளோ சொல்றீங்களோ, அவ்ளோ அடிக்கும் நீங்க தெரிஞ்சே நின்னீங்கன்னு ஆகும். யோசிங்க.”

அதில் பொய் இல்லை. அவர் சொன்னது சரிதான்.

பிள்ளைகளைக் கேட்டால் ஒருத்தன் இருபது என்றான், ஒருத்தி ஐம்பது என்றாள். பிறகு பெற்றவர்கள் கார் காராக வந்து, பேசாதே என்று கூட்டிக்கொண்டு போனார்கள். லோரிக்காரர் முகம் சுவரில் இருந்தது, பார்க்கவில்லை. பையனுக்குப் பாதிக்கு மேல் நினைவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர், கோடு மேல் கோடு விழுந்திருக்கிறது, எண்ண முடியாது என்றார்.

இன்ஸ்பெக்டர் பெண். வயது முப்பதுதான் இருக்கும். ஆண்ட்டி என்கிற மாதிரி மாக்சிக் என்று கூப்பிட்டு, மலாயில் கேட்டார். கரண்டியைக் கேட்டார், சொன்னேன். அகப்பையைக் கேட்டார், சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினார். பிரின்சிபல் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை அடி, மாக்சிக்?”

“எண்ணினேன்” என்றேன்.

“அப்ப சொல்லுங்க.”

இரண்டு விரல் மடக்கினேன். மிச்சத்தை அதோடு கூட்டினேன்.

பதினாலு.