பூஜை போட்ட வண்டி

விஜயதசமியன்று காலை, அல்சூரில் கோயில் வாசலிலிருந்து என் காரைப் பின்னால் எடுத்தபோது, நின்றிருந்த ஒரு வாடகைக் காரின் பின்விளக்கை உடைத்துவிட்டேன். அதன் ஓட்டுநர் இறங்கி வந்தார்.

“போச்சு, இன்னிக்கு ஓட்டம் அவ்ளோதான். இன்சூரன்ஸ் இருக்கா சாமி?”

இல்லை. கோயிலுக்கு மட்டும் ஓடும் வண்டியை இறைவன் காப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காலாவதியான காப்பீட்டை வேண்டுமென்றே புதுப்பிக்காமல் விட்டிருந்தேன்.

“கட்ட மறந்துபோச்சுப்பா” என்றேன்.

முந்தைய நாள் ஆயுத பூஜைக்கு என் வண்டியில் இட்ட சந்தனத்தையும் மாலையையும் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

“பூஜைய மட்டும் மறக்கல! சரி விடுங்க, வயசானா மறதி வர்றதுதான். லைட்டுக்கு மட்டும் குடுங்க.”

கொடுத்தேன். அன்றைய வருமானத்தையும் ஈடுசெய்ய முயன்றபோது கையை விலக்கினார்.

“வேணும்னா செஞ்சீங்க? மறதிக்கு எதுக்கு சாமி அபராதம்?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதிகாலைதோறும் பதிகம் ஓதும் நாவு எழவில்லை. அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே காப்பீட்டைப் புதுப்பித்தேன். ஆயினும் சந்நிதியில் கைகூப்பும்போதெல்லாம் மனம் குறுகுகிறது. அந்த நல்ல மனிதர் மன்னித்தது, நான் செய்யாத பிழையை.