மொட்டை வண்டியின் வெள்ளோட்டம்

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப் ஒன்று, பல கை மாறி, செக்காலையில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் சித்தப்பா. கூரையைக் கழற்றினார், பின்பக்கத்தை அறுத்தார், எண்ணெய் டின்களைத் தட்டி நீட்டி முன்னால் கூர்மூக்கு வைத்தார், குங்குமச் சிவப்பு அடித்தார். சைலன்சரை மட்டும் திருப்பி மாட்டவில்லை. சத்தம் இல்லாமல் வேகம் வராது என்பது அவர் கட்சி. ஊரார் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர் வைத்தார்கள். எனக்கோ அதைப் பார்த்தாலே கால் தரையில் நிற்காது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மாடுகள் மரத்தடியில் நனைவதைச் சொல்லிச் சொல்லியே, தன் தம்பிக்குச் சிங்கம்புணரி அரிசி ஆலையில் வேலை பேசிவிட்டார். சித்தப்பா கெஞ்சிக் கூத்தாடியதில் அப்பா ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை அண்ணனும் தம்பியும் அந்த வண்டியில் கோட்டையூர் போய், யாரும் தள்ளாமல் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால் கொட்டகை சித்தப்பாவுக்கு. இல்லையென்றால் சித்தப்பா சிங்கம்புணரிக்கு.

வியாழன் சாயங்காலம், அப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து, நாங்கள் இருவரும் கொல்லையில் வண்டியைக் கிளப்பினோம். சித்தப்பா ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார். வண்டி வலப்பக்கம் போய் வைக்கோல் படப்பில் முட்டியது! அமெரிக்க ஜீப்புக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அதை நம் ஊர் வழக்கப்படி வலப்பக்கம் மாற்றியபோது, சக்கரத்தைத் திருப்பும் அடிப்பெட்டியைத் தலைகீழாக மாட்டிவிட்டார். பிரித்து மாட்ட நாலு நாள் வேண்டும்.

“விடு கழுதைய. அங்குட்டுப் போகணும்னா இங்குட்டுத் திருப்புறது, அம்புட்டுத்தானே? உங்கப்பாகிட்ட மூச்சு விட்றாத” என்றார்.

பொழுது சாயும்வரை படப்பைச் சுற்றிச் சுற்றிப் பழகினோம். நான் “அங்குட்டு! இங்குட்டு!” என்று கத்த, அவர் மாற்றித் திருப்ப, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மறுநாள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். சரிந்து கிடந்த படப்பையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, வந்து என்னைத் தூக்கி இறக்கிவிட்டார்.

“அவளும் வரட்டும்ணே. அதான் நீக இருக்கீகள்ல?”

“நான் வாரேன்ல, போதும். எடு வண்டிய.”

இடி இடித்தாற்போல் வண்டி கிளம்பியது. தெருவே கைதட்டியது. நான் மட்டும் அப்பாவைத் திட்டிக்கொண்டு வாசலில் நின்று அழுதேன்.

வெகுநேரம் கழித்து, கோட்டையூர்ப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. “வாராகடி, வாராக!” என்று அம்மா கூவினாள். சிவப்பு மூக்கு தெரிந்ததும் அழுகை மறந்து குதித்தேன். அப்போது பார்த்து எதிரே ஒரு பஸ் வந்தது. பழகியதை மறந்த சித்தப்பா, ஒதுங்குவதாக நினைத்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். வண்டி நேரே பஸ்ஸைப் பார்த்துத் திரும்பியது. அப்பா குறுக்கே பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். வண்டி இடப்பக்கம் விலகி, பஸ்ஸுக்குத் தப்பி, எங்கள் வாசலில் வந்து நின்றது.

அப்பா இறங்கி வேட்டியை உதறினார். “மாட்டுக்கு வேற கொட்டகை போடணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

வண்டி ஓட்டத் தெரியாத அப்பா பதற்றத்தில் தப்பான பக்கம் இழுத்ததில்தான் உயிர் பிழைத்தார்கள் என்று, பல வருஷம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நானே கார் ஓட்டப் பழகிய முதல் நாள், எதிரே ஒரு லாரி வந்தது. பயந்த கை தானாக ஒதுங்கும் பக்கம்தான் ஸ்டியரிங்கைத் திருப்பியது. எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால், வண்டி மாறித் திரும்பும் என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். சரிந்த படப்பைப் பார்த்தபோதே புரிந்துகொண்டு என்னை இறக்கிவிட்ட அப்பா, தெரிந்தேதான் தம்பி பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.