விட்டுவிட்ட அத்தியாயம்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பாதி வழியில் லிப்ட் நின்றுபோனால், உள்ளே அலறுகிறவர்களுக்கு வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று அவர் சொன்னால் அழுகிற குழந்தைகூட அடங்கிவிடும். அப்பேர்ப்பட்ட வாய், போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கும்போதே கோணிக்கொண்டது. பக்கவாதம் என்றார்கள். கை கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை.

"நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும். பேச்சு வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நல்ல ஆறுதல்!

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பூனை, பந்து என்று படம் காட்டினாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரன் எடுத்த மனுஷனிடம் பந்தைக் காட்டினால் கோபம் வராதா? "அப்ப அவருக்குப் பிடிச்ச புஸ்தகத்தை நீங்களே தினமும் சத்தமா படிச்சுக் காட்டுங்கம்மா" என்றாள்.

பிடித்தது என்றால் அந்தத் தலையணை நாவல்தான். பாறை நிலத்தில் ஒரு விதவை தனியாளாகக் கிணறு வெட்டுகிற பழைய கதை. அவருடைய கருவிப் பையிலேயே கிடக்கும், அட்டையெல்லாம் கிரீஸ். எனக்கும் கதைப் புத்தகத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

இருந்தாலும் படித்தேன். அந்தக் கிணறு வெட்டுகிறவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஊரே சிரிக்கிறது, கடப்பாரை மழுங்குகிறது, கை கொப்புளிக்கிறது, இவள் மறுநாளும் குழிக்குள் இறங்குகிறாள். "ஏம்மா, உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று அவளைத் திட்டுவேன். இவர் தோள் குலுங்கும். அந்தச் சத்தமில்லாத சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் திட்டுவேன்.

மாதங்கள் ஓடின. ஒரு சொல் வரவில்லை. இனி வராது என்று எனக்குள் நானே முடிவுகட்டத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் அந்த அத்தியாயம் வந்தது. ஈரமண் தட்டுப்படுகிற நேரத்தில் கிணற்றின் ஒரு பக்கம் சரிந்து, அத்தனை உழைப்பும் மூடிப்போகிறது. போதும்டா சாமி என்று பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, தண்ணீர் வருகிற இடத்தைத் தேடிப்பிடித்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி படித்தேன்.

அவர் பக்கத்திலிருந்த டம்ளர் உருண்டது. நிமிர்ந்தால், அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உதடு முட்டி மோதிக்கொண்டிருந்தது.

"வி... வி... விடாத!"

"நாலு பக்கம் விட்டா என்ன குடியா முழுகிடும்?" என்று சண்டைக்குப் போன பிறகுதான் உறைத்தது. ஐயோ, பேசிவிட்டார்! அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவரோ இன்னொரு கையால் நான் விட்ட பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே படித்தேன், ஒரு வரிகூட விடாமல்.

அதற்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் தண்ணி, அப்புறம் என் பெயர், அப்புறம் குழம்பில் உப்பு இல்லை என்கிற குறை. இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனால் பழைய ஆட்கள் போனில் சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார். அவசரப்பட்டால் மட்டும் நாக்கு தடுக்கும்.

இப்போது படிப்பது அவர். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். நேற்று மறுபடியும் அந்தச் சரிவு வந்தது. ஒவ்வொரு சொல்லாக அவர் தட்டுத் தடுமாறிப் போக, எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த இடத்தை விட்டுட்டுப் படிங்களேன், கேக்க முடியல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ... என்னை விட்டியா?"

துணியை ஓரம் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், ஒரு வரிகூட விடாமல் கேட்க.