நீர்மாலைக்கு இறங்காதவன்

என் அண்ணன் இறந்த அன்று நான் ஆற்றில் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு எழுத்து அவ்வளவு வராது. கொத்தனார் வேலை. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மூத்திரம் போவதில் சிக்கல் வந்தது. புராஸ்டேட்டில் புற்று என்றார்கள். மெட்ராசுக்குப் போய் அந்தச் சுரப்பியை எடுத்தோம். உயிர் தங்கியது. ஆண்மை போய்விட்டது. அப்போது எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். திரும்பவில்லை.

அதே டாக்டர்தான் சொன்னார். உள்ளே இரண்டு கம்பி வைக்கலாம், மேலே ரப்பர் மாதிரி உறை இருக்கும், வேண்டும்போது நிமிர்த்திக்கொள்ளலாம், மற்ற நேரம் மடக்கிக்கொள்ளலாம் என்றார். கம்பி என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. கம்பி வைத்தால் நிற்கும். சரி என்றேன். நிற்கிறது எப்போதும் நிற்கும் என்பதும் ஒரு கொத்தனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மடக்கினாலும் அது முழுசாக அடங்காது. இறுக்கமான ஜட்டி, அதற்கு மேல் டவுசர், அதற்கு மேல் வேட்டி. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். சாரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தால் வலிக்கும். பஸ்ஸில் கூட்டம் இருந்தால் ஏற மாட்டேன்.

என் மனைவிக்கு மட்டும் தெரியும். புண் ஆறிய பிறகு அவள் சொன்னது ஒன்றுதான்.

"குளுந்து கெடக்கு. ஒங்க ஒடம்பு மாதிரியே இல்ல."

அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை, நானும் பக்கத்தில் போகவில்லை. கம்பி மட்டும் இருந்தது.

பிறந்ததிலிருந்து ஆற்றில் குளித்தவன். அதையும் விட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் வாளித் தண்ணீர். ஆற்றில் கூடக் குளித்தவர்கள், "அண்ணாச்சிக்கு ஆறு பிடிக்கல, பைப்புதான் பிடிக்கி" என்றார்கள். சிரித்துவைத்தேன்.

எனக்கு இரண்டும் பெண்கள். ஆகவே எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அண்ணன் மகன். சின்னப் பிள்ளையிலிருந்தே, "சித்தப்பாவுக்கு நாந்தான்" என்று சொல்லிக்கொண்டு என் பின்னால் அலைந்தவன். பிறகு பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டான்.

எனக்கும் அண்ணனுக்கும் நடுச்சுவர் விஷயத்தில் ஒரு சண்டை இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். கொஞ்சகாலம் பேசாமல் இருந்தோம். அண்ணன் படுக்கையில் விழுந்ததும் அது போய்விட்டது. கடைசியில் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தது நான்தான். அது பம்பாய்க்குத் தெரியாது. சண்டை தெரியும்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பார்கள். மகன், தம்பி, பங்காளிகள் எல்லோரும் ஆற்றில் முங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு, சங்கு முன்னால் ஊத, சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு தெரு வழியாக நடந்து வருவார்கள். ஒற்றை வேட்டிதான். உள்ளே டவுசர் போட்டிருந்தால் பெரியவர்கள் அவிழ்க்கச் சொல்வார்கள். தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். ஈர வேட்டி எதை மறைக்கும்?

ஆறு வரைக்கும் கூடப் போனேன். படியில் நின்றுவிட்டேன். எல்லோரும் முங்கி எழுந்தார்கள். என் தங்கை மாப்பிள்ளை தண்ணீருக்குள் நின்று கூப்பிட்டார்.

"என்ன மச்சான், தண்ணி சுடுதோ?"

"ஆபரேசன் பண்ண ஒடம்பு. ஆகாதுவே."

"முந்தாநாள் சாரத்துல நின்னு பூசிக்கிட்டிருந்தீரு. தாமிரவருணித் தண்ணிதான் ஒத்துக்கிடாதோ?"

"தண்ணி இல்லவே, நடுவுல சொவரு நிக்கி" என்றார் ஒரு பங்காளி. சாவு நாள் என்றும் பாராமல் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பம்பாயிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் குடத்தோடு படியேறி வந்தான்.

"சித்தப்பா, ஒரு முங்கு. எங்கப்பாவுக்காக."

"முடியாதுய்யா."

"சொவத்துச் சண்டையா? செத்த பொறவுமா?"

தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன வார்த்தை? எங்கள் பேச்சில் அதற்கு நல்ல வார்த்தை கிடையாது. கெட்ட வார்த்தைதான் இருக்கிறது. அப்பனுக்கு நீர்மாலை எடுக்க வந்து நிற்கிறவனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சங்கு ஊதிப் புறப்பட்டார்கள். நான் காய்ந்த வேட்டியோடு பின்னால் நடந்தேன். தெருவே என்னைத்தான் பார்த்தது. சுடுகாட்டுக்கும் போனேன். வந்து வாளித் தண்ணீரில் தலையை நனைத்தேன்.

மறுநாள் சாம்பல் அள்ளுகிற காடாத்துக்குக் கிளம்பி அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனேன். அண்ணன் மகன் நடையிலேயே மறித்தான். சத்தம் போடவில்லை.

"நீங்க எங்கப்பாவுக்குத் தலைமுழுகல. சரி. நாங்க ஒங்களத் தலைமுழுகியாச்சு. போங்க."

பதினாறாம் நாளுக்குச் சொல்லவில்லை. அவன் கல்யாணத்துக்கும் சொல்லவில்லை. நாயனச் சத்தம் நடுச்சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் கேட்டது. என் மனைவி அடுப்படியில் இருந்து வந்து நின்றாள்.

"நான் போயி அவங்கிட்ட சொல்லட்டா?"

"என்னன்னு சொல்லுவ?"

அவளுக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. "அப்ப ஒங்களுக்கு யாரு கொள்ளி வைப்பா?" என்றாள்.



நான் செத்தால் என்னைப் பலகையில் உட்காரவைத்து நீர்மாலைத் தண்ணீரை ஊற்றுவார்கள். வேட்டி நனையும். டாக்டர் வைத்தது என்னோடு சாகாது, அது பாட்டுக்கு நிற்கும். ஊற்றுகிறவன் பார்ப்பான். பார்த்தால் அன்று நான் ஏன் படியில் நின்றேன் என்று விளங்கும்.

அண்ணன் மகன் வர மாட்டான். வேறு யாராவது ஊற்றுவார்கள். அவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.