கடைசி சீட்டுப் பழக்கம்

"ரெண்டு எழுத்து கூட்டிப் படிச்சிட்டா நீ எனக்கு வழி சொல்லுவியா பாப்பா?"

மாமா இதைக் கேட்டது ஆகாயத்தில் வைத்து. தில்லியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில் நான் ஜன்னலோரம், அம்மா நடுவில், நடைவழிப் பக்கம் மாமா.

அம்மா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள். தில்லியில் கண்காட்சி என்று பொம்மைகளோடு அவளையும் அனுப்பினார்கள். பெட்டி தூக்க அவள் தம்பியான மாமா. பலகைகளைப் படிக்க, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன, ஆறாம் வகுப்புக்காரியான நான். போகும்போது ரயில். திரும்ப இடம் கிடைக்கவில்லை. குறைந்த கட்டண விமானங்கள் வந்த புதிது என்பதால் முதலாளிக்குத் திடீரென்று தாராளம் வந்துவிட்டது.

என் முன்னாலிருந்த சீட்டின் முதுகில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. அதை எழுத்துக்கூட்டி, பொருள் கண்டுபிடித்து, மூன்று சீட்டுக்கும் கேட்கும்படி அறிவித்தேன்: உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் போட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் தலைக்கு மேலிருந்த பெல்ட் விளக்கு அணைந்தது. மாமா எப்படியோ நோண்டித் தன் பெல்ட்டைக் கழற்றினார். நான் மறுபடி அந்த வரியைப் படித்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

"லைட்டையே அணைச்சிட்டான். வண்டி பைபாஸ் ஏறிடுச்சு, வுடு."

"புள்ள படிச்சிட்டுதான சொல்லுது. என்னுது இருக்கட்டும்டா" என்றாள் அம்மா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா என் படிப்பை மதித்துவிட்டாள். ஆனால் அவள் ஒரு நிலையில் இல்லை. இப்படி நகர்ந்தாள், அப்படி நகர்ந்தாள். விமானப் பணிப்பெண் தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்றாள். கழிவறைப் பக்கம் பார்ப்பாள், மடியைப் பார்ப்பாள். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் லேசாகக் குலுங்கியது. வெளியே பளீரென்று வெயில், ஒரு மேகம் இல்லை. "சேத்தியாத்தோப்பு ரோடு இங்கயும் வந்துடுச்சு" என்று மாமா சிரித்தார். குண்டும் குழியுமான அந்த ரோட்டில், எங்கள் ஊர் பஸ்ஸில் கடைசி சீட்டில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளம் வருவது தெரிந்தால் முன்கம்பியைப் பிடித்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள். முதுகு தப்பிக்கும். அடுத்த குலுக்கலில் மாமா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அதையேதான் செய்தார்.

அந்த நேரம் பார்த்து விமானம் கீழே இறங்கியது. இறங்கியது என்பதைவிட, எங்கள் காலடியிலிருந்து உருவப்பட்டது. மாமா மேலே போனார். சாமான் வைக்கும் பெட்டியில் அவர் தலை மோதிய சத்தம் கேட்டது. பிறகு அவர் நடைவழியில் கிடந்தார். தண்ணீர் கொடுத்த பெண்ணும் தன் தள்ளுவண்டியைப் பிடித்தபடி தரையில் இருந்தாள். அம்மாவின் ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மறு கை தம்பியை நோக்கி நீண்டது, எட்டவில்லை. பெல்ட் அவளை விடவில்லை.

சென்னையில் மாமாவை முதலில் இறக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து நின்றேன். தம்பி ரத்தத்தோடு போவதைப் பார்த்துக்கொண்டே அம்மா உட்கார்ந்திருந்தாள். "கூட்டம் போவட்டும்" என்றாள். கடைசியில் அந்தப் பணிப்பெண் வந்து, குனிந்து, அம்மாவின் பெல்ட்டைத் தன் கையாலேயே எடுத்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டவளுக்குச் செய்கிற மரியாதை அது என்று எனக்குப் பட்டது. அந்த மரியாதையில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லியும் வந்தேன்.

மாமாவின் நெற்றித் தையல் ஆறிவிட்டது. கழுத்து ஆறவில்லை. அதன்பின் அவர் தலையில் சுமை ஏற்றவே இல்லை. தெளிந்த வானத்திலும் கண்ணுக்குத் தெரியாத காற்று புரண்டுகொண்டிருக்கும் என்பதும், அதை முன்கூட்டிப் பார்த்து விளக்குப் போட விமானிக்கே சில நேரம் முடியாது என்பதும் நான் வளர்ந்து படித்தது.

இன்னொன்றை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. விமானப் பணிப்பெண் பயிற்சிக்குத் தேர்வாகி நான் ஊருக்கு வந்த அன்று, பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த அம்மா, தூரிகையை எடுக்காமலே கேட்டாள்:

"அது சரி, அந்த பெல்ட்ட எப்டிதான் கழட்டுறது?"

பயிற்சியில் சேர்ந்த முதல் வாரம் பெல்ட்டைக் காட்டச் சொன்னார்கள். மாட்டுவதை ஒரு முறை காட்டினேன். கழற்றுவதை இரண்டு முறை, மெதுவாக, கொக்கியின் மூடியைத் தூக்கிக் காட்டினேன். ஒரு முறை போதும் என்றார்கள். மறுநாளும் இரண்டு முறைதான் காட்டினேன்.