பொட்டு வைத்த த்ரீ நாட் த்ரீ

மாங்காட்டில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பிள்ளை நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்படிப்பட்டவன் எழுப்பியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மேனாம்பேட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை. அதற்குள் இரண்டு லேத், ஒரு வெல்டிங் செட், மரம் அறுக்கும் மிஷின். பட்டறைக்குப் பின்னால் மாடி வைத்த வீடு. சினிமாவுக்காக ஒரு ரயில் என்ஜின், பாதி விமானம் (மறுபாதி திரையில் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்), ஒரு தூக்குமேடை, ராஜா காலத்துப் பீரங்கி, கத்தி கேடயம் கணக்கில்லாமல். ஒரு முறை மரத்திலும் தகரத்திலும் முழு டாங்கி ஒன்றைச் செய்து நிறுத்தினேன். ஆவடியில் நிஜ டாங்கி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒருவர் வந்து அதன் வயிற்றில் தட்டிப் பார்த்துவிட்டு, "நீ மட்டும் எங்க பேக்டரில சேந்திருந்தா இந்நேரம் நீயும் ரிட்டயர் ஆயி என்னிய மாதிரி கொசு அடிச்சிகினு இருந்திருப்ப" என்றார். அதை நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

சும்மா வந்துவிடவில்லை இதெல்லாம். வங்கிக்காரர் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். புயல் ஒரு முறை கூரையைப் பிய்த்து ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டது. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட மைத்துனன் என் அச்சுகளை அள்ளிக்கொண்டு போய்ப் பூந்தமல்லியில் தனிக் கடை போட்டான். அன்றிலிருந்து யார் பட்டறைக்குள் வந்து சுற்றுமுற்றும் பார்த்தாலும் அவர் கையைத்தான் கவனிப்பேன். பார்க்க வந்தானா, எடுக்க வந்தானா என்றுதான் முதலில் நினைப்பேன்.

இவ்வளவும் செய்தவன் பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை. ஆர்ட் டைரக்டர் பெயர் வரும், அவருடைய உதவியாளர்கள் பெயர் வரும், சாப்பாடு போட்டவர் பெயர்கூட வரும். ஆகவே பர்மாச் சண்டைப் படம் ஒன்றுக்குத் துப்பாக்கி செய்யச் சொல்லி ஆர்ட் டைரக்டர் வந்தபோது ஒரே நிபந்தனைதான் வைத்தேன். டைட்டிலில் தனி வரியில் என் பெயர் வர வேண்டும். "போட்டுடலாம் அண்ணாத்தே" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

மாதிரிக்குப் பம்பாயிலிருந்து ஒரு நிஜத் துப்பாக்கி வந்தது. ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள்களின் குழாயை அடைத்து, சுட முடியாதபடி ஆக்கி, சினிமாவுக்கு வாடகைக்கு விடுகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். பூட்டுப் போட்ட பெட்டி, கூடவே அதற்குக் காவலாக ஒருவர். அவர் டீ குடிக்கப் போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போவார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னைச் சந்தேகப்பட்டார். அதனால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது படத்தின் ராணுவ ஆலோசகர் வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். சுபேதாராக ரிட்டயர் ஆகி ஆவடியில் வீடு கட்டிக்கொண்டவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"இது வேணாங்க. இது பர்மாச் சண்டையில இருந்திருக்கவே முடியாது."

"ஏன் சார்? வெள்ளக்காரன் காலத்து த்ரீ நாட் த்ரீ ரைபிள் மாதிரிதான கீது."

"ஒடம்பு அதேதான். கீழ குண்டு போடுற மேகசினைப் பாருங்க, பொட்டியாட்டம் சதுரமா நிக்குது. சீனாச் சண்டைக்கு அப்புறம் குண்டை மாத்துனாங்க. அந்தக் குண்டுக்காகச் செஞ்ச துப்பாக்கிங்க இது. பர்மாவுல எங்கப்பா தூக்குனது வேற. அதுல மேகசின் சின்னது, அடிப்பக்கம் சரிஞ்சு இருக்கும்."

இரும்பில் அடித்திருந்த வருஷத்தையும் காட்டினார். படத்தின் கதை முடிந்து இருபது வருஷம் கழித்துப் பிறந்த துப்பாக்கி. பம்பாய்க்காரர், எல்லாச் சண்டைப் படத்துக்கும் இதுதான் போகிறது, இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை என்று அரைகுறைத் தமிழில் முணுமுணுத்தார்.

எனக்கு வேறு கணக்கு ஓடியது. மாதிரி தப்பு என்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் ஆர்டர் கைமாறும். கைமாறினால் பூந்தமல்லிக்குத்தான் போகும். இந்தச் சுபேதாரை மைத்துனன்தான் அனுப்பியிருப்பானோ என்று முகத்தைப் பார்த்தேன். மீசையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அவர் தன் அப்பாவின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். தொப்பி போட்ட ஒல்லி ஆள், பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்த துப்பாக்கி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேகசின் சின்னதுதான், அடி சரிந்துதான் இருந்தது. அவர் சொன்னது வாஸ்தவம். ஆனால் சொல்வது வேறு, செய்வது வேறு. போட்டோவில் விரல்நகம் அளவுக்குத் தெரிந்ததைத் தகரத்தில் வளைத்து, ஒட்டி, ராவி, பூட்டு மாதிரி 'க்ளிக்' என்று உட்காரும்படி கொண்டுவந்தது நான். கை போன போக்கில் மூன்று செய்து தூக்கி எறிந்தேன். நாலாவதை மாட்டிய துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்த சுபேதார் அதைத் திருப்பித் தரவே இல்லை, கொஞ்ச நேரம் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று நான் வாசலை மறித்து நின்றேன்.

வாடகைத் துப்பாக்கி பெட்டியோடு பம்பாய்க்குத் திரும்பியது. கதாநாயகன் கையில் கொடுக்கிறதும் நீங்கள் செய்ததாகவே இருக்கட்டும், புகையையும் நெருப்பையும் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள் படக்காரர்கள். முன்வரிசைக்கு மரத்திலும் இரும்பிலும் செய்தேன். பின்னால் ஓடி விழுகிறவர்களுக்கு ஃபைபர்.

வேலை முடிந்த அன்று ஆயுத பூஜை. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அன்று சுத்தியல் முதல் லேத் வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவோம். வைத்துவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் ஒன்றையும் தொடக் கூடாது. என் வீட்டுக்காரி தட்டோடு வந்தாள். மிஷின்களுக்கெல்லாம் வைத்துக்கொண்டே வந்தவள், சுவரோரம் வரிசையாகச் சாய்த்திருந்த துப்பாக்கிகளைப் பார்த்தாள்.

"இதுவும் ஆயுதந்தான?"

"இது பொம்மை ஆயுதம்" என்றேன்.

"உன் ரயிலு ஓடல, ஏரோப்ளேன் பறக்கல. அதுக்கெல்லாம் வெச்சனே."

ஒவ்வொன்றின் கட்டையிலும் சந்தனம் தொட்டு, அதன் மேல் மாங்காட்டுக் கோயில் குங்குமம் வைத்தாள். கடைசியாகப் பாலீஷ் அடித்தவை, பாலீஷ்காரர் காய்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தும், முழுசாகக் காயவில்லை. புரட்டாசி ஈரக் காற்று. இரவெல்லாம் குங்குமம் அந்தப் பாலீஷுக்குள் இறங்கிவிட்டது. காலையில் லாரி வந்து நின்றபோது துடைத்துப் பார்த்தால் சந்தனம் போயிற்று, சிவப்பு போகவில்லை.

"தின்னர் ஊத்தித் தொடச்சா பாலீஷும் கூடவே வந்துடும் மொதலாளி" என்றார் பாலீஷ் போடுகிறவர். "வுடு, சண்டையில புழுதியும் சேறுமாத்தான் இருப்பானுங்க. யாரு பொட்டைப் பாக்கப் போறா?"

எல்லோரும் பார்த்தார்கள். படத்தின் டீசர் வந்தபோது அதில் கதாநாயகன் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துக் குறி பார்க்கிறான். கன்னத்துக்கு முன்னால், திரை நிறைய, சிவப்பாக ஒரு வட்டம். வெள்ளைக்காரன் கொடுத்த துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தது யார் என்று செல்போனில் ஊரே சிரித்தது. துப்பாக்கிக்கு நலங்கு, வளைகாப்பு என்றெல்லாம் படம் போட்டுப் பரப்பினார்கள்.

ஆர்ட் டைரக்டர் போன் செய்தார். "இன்னா அண்ணாத்தே, துப்பாக்கி கேட்டா பொண்ணு அலங்காரம் பண்ணி அனுப்பிக்கீறியே. டைரக்டர் கண்ணு செவந்துகினு கீறாரு. டைட்டில்ல உன் பேரு வராது, இப்பவே சொல்லிட்டேன்."

"நீங்கதான எடுத்துகினு போனீங்க. ஷூட்டிங்குல யாருக்கும் கண்ணு இல்லியா?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு யாரையும் நம்பவில்லை நான். பாலீஷ்காரர் காய்ந்துவிட்டதென்று பொய் சொன்னாரா? அவருடைய தம்பி என் மைத்துனனிடம் அல்லவா வேலை செய்கிறான். அல்லது பெயர் போடாமல் தப்பிக்க ஆர்ட் டைரக்டரே பொட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டாரா? வீட்டுக்காரியையே ஒரு தரம் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளும் மைத்துனனின் அக்காதானே.

"இன்னாத்துக்கு மொறைக்கிற? நாளைக்குச் சாமியும் என் தம்பி ஆளுன்னு அதையும் மொறைப்ப" என்றாள்.

அப்போதுதான் சுபேதார் மறுபடி வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. பொட்டு வைத்தது யார், என்றைக்கு, கட்டையில் எந்த இடத்தில், எல்லாத் துப்பாக்கிக்குமா என்று வரிசையாகக் கேட்டார். பூஜையன்று எடுத்த போட்டோ இருக்கிறதா என்றார். கேஸ் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்குச் சார் இவ்ளோ கேள்வி? நாங்க வெச்சது குங்குமம், வெடி மருந்து இல்ல."

அவர் சிரித்தார். "நீங்க பயப்படாதீங்க. எங்க ரெஜிமெண்ட்ல தசராவுக்கு ஆயுதத்தையெல்லாம் வரிசையா அடுக்கிப் பொட்டு வெச்சுப் பூஜை பண்ணுவோம். எங்கப்பா காலத்துலயும் உண்டு. பர்மா காட்டுலயே வெச்சோம்னு அவர் சொல்லிக் கேட்டிருக்கேன். இவனுங்க சிரிக்கிறானுங்களே, அந்தப் படத்துலயே ரொம்பச் சரியா இருக்கறது உங்க பொட்டுதாங்க."

என் வீட்டுக்காரி காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இருந்தாலும் மனசு முழுசாகச் சமாதானமாகவில்லை. நல்ல சேதி சொல்ல வந்தவருக்குப் போட்டோ எதற்கு? கேட்டே விட்டேன்.

"டைரக்டர்கிட்ட காட்டத்தாங்க. உங்க பேர டைட்டில்லருந்து எடுக்கறாங்களாமே, அது போகக் கூடாதில்ல" என்றார். போட்டோவைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, கொடுத்திருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க யோசித்தேன்.

யோசித்தது வீண்போகவில்லை. படம் வெளியாகும் வாரம் டைரக்டர் டிவியில் பேட்டி கொடுத்தார். அந்தப் பொட்டு தற்செயல் இல்லையாம். பல மாத ஆராய்ச்சியாம். நம் சிப்பாய்கள் தங்கள் ஆயுதத்தைச் சாமியாக நினைத்தார்கள் என்பதைக் காட்ட, கட்டையில் அந்த இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்தார்களாம். ஆர்ட் டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். என்னிடம் கண் சிவந்த கதை சொன்ன அதே ஆள். பேட்டி எடுத்த பெண் கைதட்டினாள்.

"பல மாச ஆராய்ச்சியா?" என்றாள் என் வீட்டுக்காரி. "அடுப்புல சுண்டல் தீயுதுன்னு ஓடி ஓடி வெச்சேன் நான்."

அம்பத்தூர் தியேட்டருக்கு இரண்டு பேரும் போனோம். துப்பாக்கி திரையில் வந்தபோதெல்லாம் அவள் என் கையைக் கிள்ளினாள். சேற்றில் புரண்டு எழுந்தபோதும் மேகசின் அடி சரிந்து அழகாகத் தெரிந்தது. அந்தப் பொட்டுக்கு ஜனம் விசில் அடித்தது. படம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள், நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பெயர்கள் ஓடின. ஆயுத ஆராய்ச்சி என்று போட்டு சுபேதார் பெயர் வந்தது. வண்டி ஓட்டினவர்கள் பெயர் வந்தது. நாய் பழக்கினவர் பெயர் வந்தது, படத்தில் நாய் வந்ததே எனக்கு ஞாபகமில்லை. கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்து நிற்கும் வரைக்கும் பார்த்தோம். என் பெயர் வரவில்லை.

வெளியே வந்ததும் சுபேதாருக்குப் போன் போட்டேன்.

"ஆராய்ச்சி உங்களுதா சார்?"

"சத்தியமா நான் அப்படிச் சொல்லலீங்க. போட்டோவக் காட்டி, இது பட்டறையில வெச்ச பொட்டு, அவங்க பேரைப் போடுங்கன்னுதான் சொன்னேன். என் பேரை அப்படிப் போட்டது எனக்கே தியேட்டர்லதான் தெரியும்."

உண்மையாக இருக்கலாம். மேகசின் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. இதில் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க என்னிடம் பூதக்கண்ணாடி இல்லை. அடுத்த நாள் அவர் நேரில் வந்து, டைரக்டருக்கு அனுப்பிய செய்தியைப் போனில் திறந்து காட்டினார். அவர் சொன்னபடிதான் அதில் இருந்தது. டைரக்டர் பக்கமிருந்து ஒரு கும்பிடு படம் மட்டும் பதிலாக வந்திருந்தது. அது சரி என்ற கும்பிடா, போய் வா என்ற கும்பிடா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆர்ட் டைரக்டர் என் போனையே எடுப்பதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படம் இன்னும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஓடிடிக்கு வரவில்லை. அதற்குள் டைட்டிலில் ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சுபேதார் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, மேகசினைத் திருத்தியதற்கு அது அவருக்குத் தகும். ஆனால் தப்பு என்றபோது பொட்டு என்னுடையது, சரி என்றபோது ஆராய்ச்சி உங்களுடையதா? துப்பாக்கி செய்தது, பொட்டு வைத்தது என்று இரண்டையும் சேர்த்துத் தனி வரி வேண்டும். என் வீட்டுக்காரி தன் பெயரும் வர வேண்டும் என்கிறாள். நியாயம்தான், வரட்டும், என் பெயருக்குக் கீழே.

என் பெயரை இங்கே நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அது முதலில் வர வேண்டிய இடம் திரை. போடுங்கள்.